நான் ஊதி அணைத்த விளக்கு

போன வியாழக்கிழமை, பொழுதுபடுகிற நேரத்தில், எரிந்துகொண்டிருந்த சாமி விளக்கை நான் வாயால் ஊதி அணைத்தேன்.

ஓம், வாயால்தான்.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப்பேர் இப்போது 'ஐயோ' என்றிருப்பீர்கள். தெரியும். விளக்கைப் பூவால் ஒற்றி அணைக்கலாம், திரியை மெல்ல எண்ணெய்க்குள் இழுத்து விடலாம்... ஊதக் கூடாது. வாய் மூச்சுப் படவே கூடாது. எனக்கும் அப்படிச் சொல்லித்தான் வளர்த்தார்கள். அதுவும் கணவன் கடலில் இருக்கிற வீட்டில் ஊதலாமா?

மற்றப் பாதிப்பேர், 'இதெல்லாம் ஒரு விசயமா?' என்று பக்கத்தைப் புரட்டப் பார்ப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். எனக்கும் அது ஒரு சின்ன விசயமாக இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் பயங்கள் பழக்கம். பூட்டிய கதவைப் பூட்டினேனா என்று பார்க்க, பாதி வழியில் ஓட்டோவைத் திருப்பியவள் நான். மகளுக்கு ஒரு தும்மல் வந்தால் காய்ச்சல் பார்க்கிற கருவியைத் தேடுகிறவள். உயர்தரம் வரை படித்தவள், முன்பள்ளி ஒன்றில் படிப்பிக்கிறவள். படித்தால் பயம் குறையும் என்று யார் சொன்னது? படித்தவளுக்குப் பயப்படக் காரணங்கள் கூடுதலாகத் தெரியும் - அவ்வளவுதான்.

கல்முனையில், கடற்கரைப் பக்கம் எங்கள் வீடு. நான், இவர், முதலாம் ஆண்டு படிக்கிற மகள் அபி, பாமசி ஒன்றில் வேலை செய்கிற என் தங்கச்சி ஜீவி. இவர் ஒலுவில் துறைமுகத்திலிருந்து பலநாள் படகில் போகிறவர். போனால் ஒரு வாரம், சில வேளை அதற்கும் மேலே. படகு சாய்ந்தமருதுக்காரர் ஒருவருடையது. அவருடைய மனைவி பௌசியா ராத்தாவும் நானும் அடிக்கடி போனில் கதைப்போம். ராத்தாவின் மூத்த மகனும் அதே படகில்தான். ஆகவே காற்று அடித்தால் இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் தூக்கம் போகும்.

இவர் கடலுக்குப் போகிற நாளில் எங்கள் வீட்டில் ஒரு சின்னப் பூசை உண்டு. பெரிய மந்திரமெல்லாம் இல்லை. சாமிப் படங்கள் இருக்கிற சுவர்த் தட்டில் விளக்கேற்றி, மணியடித்து, கற்பூரம் காட்டுவேன். இவர் இரண்டு கையையும் சுடருக்கு மேலே பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். திருநீறு பூசுவார். பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பாராமல் நடப்பார். நான் மட்டும் அவர் தெரு முடக்குத் திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நிற்பேன்.

பிறகு அவர் வரும்வரை ஒவ்வொரு நாளும் விளக்கு வைப்பேன். அதற்கு எனக்கு மணிக்கூடு தேவையில்லை. பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு கேட்டால் எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பெண்கள் பாதிப்பேர் கையைக் கழுவிக்கொண்டு விளக்கடிக்குப் போவார்கள்.

இவ்வளவும் வழக்கமான கதை. வினை தொடங்கியது நவராத்திரி வாணி விழாவில்.

அபியின் பாடசாலையில் வாணி விழாவுக்கு ஒவ்வொரு பிள்ளையும் ஏதாவது பேச வேண்டும். அபிக்குக் கொடுத்த தலைப்பு, 'நாம் ஏன் விளக்கேற்றுகிறோம்?' ஆறு வயதுப் பிள்ளைக்கு! எனக்கோ உள்ளுக்குள் சந்தோசம். புத்தகம் பார்த்தேன், போனில் தேடினேன், ஆசிரியர் நண்பிகளிடம் கேட்டேன். எழுதினேன், அடித்தேன், திரும்ப எழுதினேன்.

'அகல் நமது உடல். எண்ணெய் நமது ஆசைகள். திரி நான் என்ற எண்ணம். ஆசையும் நான் என்பதும் எரிந்து தீரும்போது தோன்றும் சுடர், ஞானம்.'

எழுதி முடிக்க எனக்கே புல்லரித்தது. அபி கேட்டாள்: "அம்மா, ஞானம் எண்டா என்ன?"

சொல்லிப் பார்த்தேன். அறிவு என்றேன். "கணக்குப் பாடமா?" என்றாள். உள்ளே இருக்கிற வெளிச்சம் என்றேன். தன் சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்த்தாள். கடைசியில் களைத்துப்போய் அந்தச் சொல்லையே மாற்றிவிட்டேன். ஒரு புத்தகத்தில் சுடர் என்பது ஆன்மா என்றும் இருந்தது. ஆன்மாவும் விளங்காது. ஆகவே சுருக்கமாக, 'சுடர்தான் உயிர்' என்று எழுதிக் கொடுத்தேன். உயிர் என்றால் ஆறு வயதுக்கும் தெரியும் அல்லவா?

மேடையில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "சுடர்தான் உயிர்!" என்று அவள் முடித்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். நான் கண்ணைத் துடைத்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் விளக்கைப் பற்றி ஒரு தடவை தேடினால் போன் சும்மா விடுமா? காலையில் எழும்பினால் ஒரு வீடியோ. சோறு வடிக்கும்போது ஒரு வீடியோ. தெற்குப் பார்த்து ஏற்றாதீர்கள். இந்தத் திரி போடாதீர்கள். அந்த எண்ணெயோடு இந்த எண்ணெயைக் கலக்காதீர்கள். ஒரு நாள் நெற்றி நிறையக் குங்குமம் வைத்த ஒருவர், "விளக்கு தானாக அணைந்தால் வீட்டுத் தலைவருக்கு..." என்று இழுத்தார். அந்த இடத்தில் சவர்க்கார விளம்பரம் வந்துவிட்டது. அது முடியும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முடிந்து பார்த்தால், மனிதர் வேறு விசயத்துக்குப் போய்விட்டார்!

வீட்டுத் தலைவருக்கு என்ன? என்னதான் ஆகும்?

"அக்கா, அந்த ஆள் ஐயருமில்ல, சாத்திரியுமில்ல. கமரா வச்சிருக்கிற ஆள்" என்றாள் ஜீவி.

"உனக்கென்ன, புருசன் கடல்லயா?"

"எனக்குப் புருசனே இல்ல. அதாலதான் நிம்மதியா வீடியோ பாக்கன்."

அவளுக்குச் சிரிப்பு. நான் அன்றைக்கே விளக்கைக் கிழக்குப் பக்கம் திருப்பி வைத்தேன். கிழக்கு என்றால் வாசல். வாசலுக்கு நேரே கடல். வாடைக் காற்றுத் தொடங்குகிற காலம். என் யோசனையின் அழகைப் பாருங்கள்... காற்று வருகிற வழியில் கொண்டுபோய் விளக்கை நிறுத்தியவள் நானேதான்.

இவர் இம்முறை கடலுக்குப் புறப்பட்ட காலை, கற்பூர டப்பாவைத் திறந்தேன். உள்ளே ஒன்றுமில்லை. மணம் மட்டும் இருந்தது. மூடியைச் சரியாக இறுக்காமல் விட்டிருக்கிறேன், கற்பூரம் காற்றோடு காற்றாகப் போய்விட்டது. கடைக்கு ஓடலாம் என்றால் துறைமுகத்துக்குப் போகிற வாகனம் ஹோர்ன் அடிக்கிறது.

"விளக்கு எரியுதுதானே புள்ள, அது போதும்" என்று இவர் விளக்குச் சுடரிலேயே கையைக் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய்விட்டார்.

அவருக்குப் போதும். எனக்குப் போதுமா? அன்றிலிருந்து வெறும் டப்பாவும் அந்த ஆள் முடிக்காமல் விட்ட வசனமும் சேர்ந்து என் தலைக்குள் குடியிருந்தன.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, பாங்கு சொல்லிக்கொண்டிருந்தது. விளக்கேற்றி மணியைக் கையில் எடுத்தேன். அபி பக்கத்தில் கைகூப்பி நின்றாள். வாசலால் ஒரு காற்று... சுடர் படுத்தது, எழும்பியது, போய்விட்டது.

"அம்மா, விளக்கு நூந்துட்டு."

"ஓம் மகள். காத்துக்கு."

"அப்பாக்கு ஒண்டும் ஆகாதா?"

"சும்மா இரு! அப்பிடியெல்லாம் கதைக்கக் கூடா."

ஒரு தாய் சொல்லக்கூடியதில் ஆகப் பிழையான பதில் அதுதான் என்று இப்போது தெரிகிறது. 'ஒன்றும் ஆகாது' என்று நான் சொல்லவில்லை. 'கதைக்காதே' என்றேன். என் முகம் எப்படி இருந்ததோ! ஓடிப்போய் வாசல் கதவை அடைத்தேன், யன்னல்களை அடைத்தேன், திரும்ப ஏற்றினேன். எல்லாவற்றையும் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாளிலிருந்து பொழுதுபட்டால் எங்கள் வீடு அடைபட்டது. வேலை முடிந்து வந்த ஜீவி கதவைத் தட்டினாள்.

"இதென்னக்கா, வீட்ட சோத்துப் பானை மாதிரி மூடி வச்சிருக்கீங்க? வேகுது!"

"தொறந்தா விளக்கு நூரும்."

"பொழுதுபடக்குள்ள வாசக்கதவ மூடினா லெச்சுமி வரமாட்டா எண்டு போன மாசம் எனக்குப் பேசினது நீங்கதானே? இப்ப லெச்சுமி எங்கால வாற? ஓட்டப் பிரிச்சுக்கொண்டா?"

சிரித்தேன். ஆனால் உள்ளே அதுவும் ஒரு புதுக் கவலையாகச் சேர்ந்துகொண்டது. திறந்தால் விளக்கு, மூடினால் லட்சுமி. எதைக் கோபப்படுத்துவது?

அபி இதற்கிடையில் விளக்கடியை விட்டு எழும்பவே இல்லை. வீட்டுப்பாடம் அங்கே, சாப்பாடு அங்கே. சுடருக்கு இரண்டு பக்கமும் கையைப் பிடித்துக்கொண்டு இருப்பாள். "என்ட புள்ளைக்கு எவ்வளவு பக்தி" என்று எனக்குப் பெருமை. படமெடுத்து வட்ஸ்அப்பில் போட்டேன். இதயங்கள் குவிந்தன. காலையில் பாடசாலைக்குப் போக மாட்டேன் என்று அவள் அழுதபோதும் எனக்கு விளங்கவில்லை. "நான் போனா யார் பாக்கிற?" என்றாள். எதைப் பார்க்க என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வாட்டர் போத்தலைக் கழுத்தில் மாட்டி இழுத்துக்கொண்டு போனேன்.

படகு வர வேண்டிய நாள் வந்தது. படகு வரவில்லை. காற்று மட்டும் வந்தது. கடலுக்குப் போக வேண்டாம் என்று வானொலியில் சொன்னார்கள். ஏற்கெனவே போனவர்கள் என்ன செய்வது என்று சொல்லவில்லை.

பௌசியா ராத்தாவுக்குப் போன் எடுத்தேன். "ராத்தா, படகு ரேடியோ செற்ல ஏதும் கதைச்சாங்களா?"

"நேத்து விடியக்குள்ள ஒருக்காக் கதைச்சிரிக்காங்ககா. காத்து கூடவாம், கரைப்பக்கம் வாறமாம் எண்டிரிக்கான் மகன். அதுக்குப் பொறகு சத்தமில்ல."

"பயமா இருக்கு ராத்தா."

"பயமில்லாமலா? நானும் முசல்லாவ உட்டு எழும்பாமத்தான் கிடக்கன். நீ உன்ட விளக்க வை, நான் ஓதுறன். ரெண்டும் மேலதானே போற." கொஞ்சம் நிறுத்தி, "சோறு திண்டியா நீ?"

"இல்ல ராத்தா."

"திண்ணுகா! பட்டினி கிடந்து படகக் கரைக்கு இழுக்க ஏலுமா?"

தொழுகைப் பாயிலிருந்து எழும்பாத மனுசி எனக்குச் சோறு தின்னச் சொல்கிறார். இரண்டு கவளம் தின்றேன்.

அடுத்த நாள்தான் அந்த வியாழக்கிழமை. பாங்கு கேட்டு விளக்கேற்றினேன். கதவு யன்னல் எல்லாம் அடைத்தாயிற்று. ஆனால் எங்கள் வாசல் கதவின் தாழ்ப்பாள் தளர்ந்தது, காற்று தள்ளத் தள்ள ஆடிக்கொண்டிருந்தது. வெளியே தூறல் விழத் தொடங்க, கொடியில் கிடந்த உடுப்புகளை எடுக்கப் பின்பக்கம் ஓடினேன். கொஞ்ச நேரந்தான்.

உள்ளே வந்தால் வாசல் கதவு அகலத் திறந்து கிடக்கிறது. சாமித் தட்டில் விளக்கு இல்லை.

விளக்கு நூரவில்லை - விளக்கையே காணவில்லை!

"அபி?"

பிறகு அந்த மணம். எண்ணெய் மணம் இல்லை. துணி கருகுகிற மணம்.

அறைக்குள் அலுமாரிக் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு அபி நின்றாள். அவளுக்குப் பின்னால், கதவின் நீக்கலில், மஞ்சளாக ஒரு கோடு வெளிச்சம்.

"தொறக்காதீங்கம்மா! காத்து வந்துரும்!"

அவளைப் பிடித்து இழுத்துக் கதவைத் திறந்தேன். அலுமாரியின் அடித்தட்டில் விளக்கு. நிமிர்ந்து, அழகாக, ஆடாமல் எரிகிறது. உண்மைதான், அங்கே காற்றே இல்லை. அதற்கு மேலே இவர் இடுப்பில் உடுக்கிற சாரன்கள் தொங்குகின்றன. நீலக்கட்டம் போட்ட சாரனின் ஓரத்தில் கறுப்பு; அந்தக் கறுப்பின் விளிம்பில் சிவப்பாக ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது.

ஊதினேன்.

பூவை நினைக்கவில்லை, திரியை நினைக்கவில்லை, தெற்கு வடக்கு எதையும் நினைக்கவில்லை. முழு மூச்சையும் திரட்டி ஊதினேன். சாரனைக் கையால் அடித்து அடித்து நெருப்பைக் கொன்றேன். சத்தம் கேட்டுக் குளியலறையிலிருந்து ஓடிவந்த ஜீவி, எல்லாம் முடிந்த பிறகு, ஒரு வாளித் தண்ணீரை விளக்கு, சாரன், என் கூறைச்சேலை எல்லாவற்றின் மேலும் ஊற்றினாள்.

அதற்குப் பிறகுதான் அபியின் குரல் என் காதில் விழுந்தது.

"ஊதிட்டீங்க... அம்மா, நீங்க ஊதிட்டீங்க..."

அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை. பெரிய மனுசி மாதிரி, நடந்து முடிந்த ஒன்றைச் சொல்வது மாதிரி சொன்னாள்.

"மகள், உடுப்பெல்லாம் பத்தியிருக்கும். நீ எரிஞ்சிருப்பாய்."

"அப்பா..."

"அப்பா கடல்ல மகள். இது விளக்கு."

"சுடர்தான் உயிர் எண்டு நீங்கதானே சொல்லித் தந்தீங்க? நூந்ததப் பத்திக் கதைக்கக் கூடா எண்டீங்க. கதவெல்லாம் மூடினீங்க."

எல்லாம் உண்மை. மேடையில் ஏற்றிச் சொல்ல வைத்தவள் நான். கைதட்டியவர்கள் அதை மறந்திருப்பார்கள். அவள் மறக்கவில்லை, நம்பியிருக்கிறாள். இவ்வளவு நாளும் நான் பக்தி என்று படமெடுத்துப் போட்டது, ஒரு குழந்தை தன் அப்பாவை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் காப்பாற்றிக்கொண்டிருந்ததை.

ஈர நிலத்தில் அப்படியே இருந்துவிட்டேன். வாசகர்களே, அந்த நேரம் எனக்கு வந்த பயத்தை உள்ளபடி சொல்கிறேன். படகு வராவிட்டால் என்ற பயம் இல்லை அது. படகு வராவிட்டால் இவள் என்ன நினைப்பாள் என்ற பயம். 'அம்மா ஊதினா, அப்பா போனார்.' அல்லது அதைவிட மோசமாக - 'நான் விளக்கைச் சரியாக ஒளிக்கவில்லை, அதனால்தான்.' வாழ்நாள் முழுக்க ஒரு பிள்ளை அதைச் சுமக்குமே! படகு வருவது என் கையில் இல்லை. இது என் கையில் இருந்தது. நாளைக்கு ஒரு செய்தி வருமுன், நல்லதோ கெட்டதோ, இன்றைக்கே முடிய வேண்டிய வேலை.

எழும்பினேன். விளக்கைத் துடைத்தேன். புதுத் திரி போட்டு எண்ணெய் விட்டேன். சாமித் தட்டில் பழைய இடத்திலேயே வைத்தேன். வாசல் கதவு அகலத் திறந்தே கிடந்தது. அபி அதை மூட ஓடினாள்.

"மூட வேணாம் மகள்."

"காத்து!"

"தெரியும்."

நெருப்புப்பெட்டியை எடுத்து ஏற்றினேன். சுடர் பிடித்தது. நாங்கள் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். காற்று வந்தது. நூந்துவிட்டது.

அபி என் முகத்தைப் பார்த்தாள். அம்மாவின் முகம் என்ன செய்யப் போகிறது என்று பார்க்கிறாள். என் வாழ்க்கையில் என் முகத்தை இவ்வளவு கவனமாக நான் வைத்திருந்ததில்லை.

"இப்ப என்ன செய்யிற?" என்றாள்.

"மறுகா கொளுத்துவம்."

கொளுத்தினேன். நூந்தது. கொளுத்தினேன். "இந்தக் காத்துக்கு வேற வேல இல்ல போல" என்றாள் ஜீவி. அபியின் வாயில் ஒரு சின்னச் சிரிப்பு வந்து, பயந்து, உள்ளே போனது.

"நூந்தா அப்பாக்கு ஒண்டும் ஆகாதா?"

அதே கேள்வி. இந்த முறை அதட்டவில்லை. பொய்யும் சொல்லவில்லை.

"அப்பா எப்பிடி இருக்கார் எண்டு இந்த விளக்குக்குத் தெரியா மகள். எனக்கும் தெரியா. எனக்கும் பயந்தான்."

"அப்ப ஏன் கொளுத்துற?"

"இருட்டுதுதானே? பயமா இருக்கக்குள்ள இருட்டிலயா இருக்கிற?"

யோசித்தாள். ஞானத்தை விட இது அவளுக்கு விளங்கியது என்று நினைக்கிறேன். "நான் கொளுத்தவா?" என்றாள். அவள் கையை என் கைக்குள் வைத்துக் குச்சியைத் தட்டினோம். இந்த முறை சுடர் சாய்ந்து சாய்ந்து நின்றது.

கற்பூரம் இல்லை. விளக்கையே ஒரு தாம்பாளத்தில் வைத்து எடுத்து, அவள் கையோடு சேர்த்துச் சாமிக்குக் காட்டினேன். மின்குமிழ் போடவில்லை. சுடர் போகிற இடமெல்லாம் ஒன்று துலங்கியது - பிள்ளையாரின் தும்பிக்கை, அம்மனின் மூக்குத்தி, படத்தின் சட்டத்தில் காய்ந்த செவ்வரத்தம்பூ. பிறகு கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தாம்பாளத்தை அபி பக்கம் திருப்பினேன்.

அவள் முகம் துலங்கியது. கண்ணுக்குக் கீழே கறுப்பு. கன்னம் வற்றி, உதடு காய்ந்து... இந்தப் பிள்ளை எத்தனை நாள் சரியாகச் சாப்பிடவில்லை? எத்தனை நாள் தூங்கவில்லை? இதே வீட்டில், இதே வெளிச்சத்தில்தானே இருந்தாள்? நான் சுடரையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். சுடர் எதைக் காட்டுகிறது என்று ஒரு நாளும் பார்க்கவில்லை.

எல்லா அர்த்தமும் தேடிப் படித்தவளுக்கு, தீபம் காட்டுவது எதையாவது பார்ப்பதற்காகத்தான் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அன்று மூவரும் சோறு தின்றோம். அபி என் மடியிலேயே தூங்கிப்போனாள். விளக்கு எப்போது நூந்தது என்று எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை மத்தியானம், தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு.

"என்ன புள்ள, சாப்பிட்டாச்சா?"

இவருடைய குரல். சுவரைப் பிடித்துக்கொண்டேன். வாயில் வந்த முதல் பேச்சு அன்பாக இல்லை.

"எங்க இருக்கிறீங்க?"

"அறுகம்பேயில. காத்துக்கு ஒதுங்கின. செற் வேல செய்யல்ல, போன் தண்ணிக்குள்ள விழுந்துட்டு. இது கெஸ்ட்ஹவுஸ்காரர்ட போன்."

"ஒதுங்கினது எப்ப?"

"முந்தநாத்து..."

"இப்பதான் எடுக்கத் தெரிஞ்சதா?"

"உன்ட நம்பர் பாடமில்ல புள்ள. ராத்தாட மகனுக்கும் அவங்கட உம்மாட நம்பர்ல கடைசி ரெண்டும் தடுமாறிட்டு. மாத்தி மாத்தி அடிச்சு, இப்பதான் ராத்தா கிடைச்சா. அவங்கதான் உன்ட நம்பரச் சொன்னாங்க."

நான் இங்கே திசை பார்த்து, திரி பார்த்து, வீட்டை அடைத்து... என் புருசனுக்கு என் நம்பர் பாடமில்லை! வீட்டுத் தலைவருக்கு என்ன ஆகும் என்று கேட்டேனே, பதில் கிடைத்துவிட்டது. அவர் கரைக்கு வரட்டும், அவருக்கு என்ன ஆகும் என்று நான் காட்டுகிறேன்.

அபி போனைப் பறித்தாள். அப்பா என்று அழுவாள் என்று நினைத்தேன்.

"அப்பா, அம்மா உங்கட சாரன எரிச்சுட்டா!"

இவர் வந்துவிட்டார். ஓரம் கருகின சாரனைத்தான் இப்போது வீட்டில் உடுக்கிறார், வேண்டுமென்றே. பௌசியா ராத்தா ஒரு சட்டி மீன் ஆணமும், இனிமேல் எல்லோரும் எல்லோருடைய நம்பரையும் பாடமாக்க வேண்டும் என்ற கட்டளையும் அனுப்பியிருந்தார். புதுக் கற்பூரம் வாங்கி, மூடியை இறுக்கி, இறுக்கினேனா என்று திரும்பவும் பார்த்து வைத்திருக்கிறேன்.

நான் தைரியசாலி ஆகிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். இன்னும் தெற்குப் பக்கம் விளக்கைத் திருப்பவில்லை, அவ்வளவுக்கு வரவில்லை. சுடர் படுக்கும்போது வாசல் பக்கம் ஒரு தரம் பார்க்கத்தான் செய்கிறேன். ஆனால் வாசல் கதவு திறந்தே கிடக்கிறது. நூந்தால், நான் எழும்புமுன் அபி ஓடிப்போய் எனக்கு நெருப்புப்பெட்டியை எடுத்து நீட்டுகிறாள்.

அகலுக்கு அர்த்தம் சொன்னார்கள், எண்ணெய்க்குச் சொன்னார்கள், திரிக்கும் சுடருக்கும் சொன்னார்கள். எல்லா வீட்டிலும் விளக்குக்குப் பக்கத்திலேயே ஒரு நெருப்புப்பெட்டி இருக்கிறதே... அதைப் பற்றி மட்டும் ஏன் ஒருவரும் வீடியோ போடவில்லை?